ஊர் வேலைக்குப் போனால் எனக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதல் வருஷமே என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) பெயர் கொடுத்துவிட்டேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வேலை இருக்கும். கண்மாய்க் கரையில் பிளாஸ்டிக் பொறுக்கினோம், ஹெல்மெட் பேரணியில் பேனர் பிடித்தோம், மரக்கன்று நட்டோம். வெயிலில் கறுத்துப்போய் வீட்டுக்கு வந்தால் அம்மா, “வீட்ல ஒரு கொடம் தண்ணி எடுக்க மாட்டேங்குற, ஊருக்கு ஒழைக்கப் போயிட்டியாக்கும். ஒனக்கு என்னடி கெடைக்குது?” என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே தெரியவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போயாக வேண்டும். சேவையில் “எனக்கு என்ன?” என்று கேட்பது தப்பா? தொடரவா, விட்டுவிடவா? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புத் தங்கைக்கு,

கேட்பது தப்பே இல்லை. கேட்காமல் போகிறவர்கள்தான் பாதியில் நின்றுவிடுகிறார்கள். தன்னார்வலர்கள் எதற்காக வருகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர்கள் கிளாரி, ஸ்னைடர் குழுவினர் 1998-ல் ஆறு காரணங்களாகப் பிரித்துக் காட்டினார்கள்: மனசுக்குச் சரியென்று படுவது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது, சிநேகிதம், வேலைக்கு உதவும் அனுபவம், சொந்தக் கவலையை மறப்பது, தன்னைப் பற்றி நல்லவிதமாக உணர்வது. ஆறில் எதற்காக வந்தாலும் குற்றமில்லை. எதற்காக வந்தாரோ அது கிடைத்தால் அந்த ஆள் திருப்தியாகத் தொடர்கிறார், கிடைக்காவிட்டால் கழன்றுகொள்கிறார். அவர்கள் கண்டது அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தேவை பளிச்சென்று தெரிகிறது. ஒன்று, பேச வர வேண்டும். இன்னொன்று, வேலைக்கு உதவ வேண்டும். இப்போது நீங்கள் செய்யும் பணியில் இந்த இரண்டும் கிடைக்க வழியில்லை. நூறு பேர் பேனர் பிடிக்கும் பேரணியில் நூற்றியோராவது ஆளாக நின்றால் கை வலிக்கும், போட்டோவில் பாதி முகம் வரும். கண்மாய்க் கரையைச் சுத்தம் செய்ததில் கண்மாய்க்கு நன்மை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே உங்கள் பெயர் சொல்லி யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. வெறுமையாக இருக்கிறது என்றால் காரணம் இதுதான். உங்கள் மனசில் குறையில்லை, வேலை அமைந்த விதத்தில்தான் குறை.

ஒரு எளிய சோதனை சொல்கிறேன். நீங்கள் ஒரு நாள் போகாவிட்டால் “ஏன் வரலை?” என்று யாராவது கேட்பார்களா? கேட்க ஒரு ஆள் இருக்கிற வேலையாகத் தேடுங்கள். ஒரே இடம், அதே ஆட்கள், வாரா வாரம் அதே நேரம், உங்கள் பொறுப்பில் சிறியதாக ஒன்று. பலன் இந்த அமைப்பில்தான் ஊறும்.

உங்கள் சூழ்நிலைக்கு இரண்டு வேலை பொருந்தும். இரண்டையும் ஒரே சமயத்தில் தொடாதீர்கள்.

முதலாவது, சொந்த ஊரிலேயே மாலை வகுப்பு. தமிழக அரசு 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம் உங்கள் ஊரில் நடந்தால், அந்த அக்காவிடம் போய் ஐந்து பிள்ளைகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்களே தொடங்கலாம். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஐந்தாறு பிள்ளைகள், செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறிலிருந்து ஏழு, பத்து வாரம். இடம் நாலு பேர் கண்ணில் படும்படி இருக்கட்டும்: பள்ளித் தாழ்வாரம், கோயில் மண்டபம், ஊர் நூலகம். யார் வீட்டு உள்ளறையும் வேண்டாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

முதல் நாள் பாடம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை நாடு முழுக்க அளக்கும் ‘அசர்’ ஆய்வின் படிநிலைகளே போதும்: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. யார் எதில் நிற்கிறார் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிலேயே நின்றால் முகத்தில் அதிர்ச்சியைக் காட்டிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான்.

கணக்குக்கு ஒரே ஒரு கழித்தல் கொடுங்கள்: 42-லிருந்து 17. குறைந்தது ஒரு பிள்ளையாவது 35 என்று எழுதும். “தப்பு” என்று சிவப்பு மையில் அடிப்பதற்கு முன்னால், எப்படி வந்தது என்று கேளுங்கள். “ரெண்டுல ஏழு போகாதுக்கா, அதான் ஏழுல ரெண்டு போக அஞ்சு. நாலுல ஒண்ணு போக மூணு” என்று பதில் வரும். பிள்ளைக்குக் கழிக்கத் தெரிகிறது. 42-ல் இருக்கும் 4 என்பது நாற்பது என்பதுதான் தெரியவில்லை. இந்த இடத்தில் “பக்கத்துல கடன் வாங்கு” என்று எத்தனை முறை கத்தினாலும் ஏறாது. பத்துப் பத்தாகக் கட்டிய நாலு குச்சிக் கட்டையும் இரண்டு உதிரிக் குச்சியையும் கையில் கொடுத்து, “எனக்கு 17 குச்சி குடு” என்று கேளுங்கள். பிள்ளை ஒரு கட்டை நீட்டும். அடுத்து ஏழு உதிரிக்குத் திண்டாடும். கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, தானே இன்னொரு கட்டின் ரப்பர் பேண்டை உருவும். அது வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. உங்களுக்குக் கஷ்டமான வேலை இந்த அரை நிமிடம்தான்.

இதில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். பத்து வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரு விஷயத்தை நாலு விதமாகச் சொல்லிப் பழகுகிறவருக்கு, இன்டர்வியூவில் “தேய்மானம் என்றால் என்ன, சுருக்கமாகச் சொல்லுங்கள்” என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளாது. மேடைப் பயத்துக்கு மேடை தேடி ஓட வேண்டாம், ஆறு பிள்ளைகளின் முன்னால் வாரம் இரண்டு மணி நேரம் போதும். பிள்ளைகள் எதிரில் யாரும் நடிக்க முடியாது. புரியவில்லை என்றால் கொட்டாவி விட்டுவிடுவார்கள். இன்னொரு லாபமும் உண்டு. பிறருக்குச் சொல்லித் தர வேண்டும் என்று படிக்கிறவருக்குப் பாடம் அதிகம் நிற்கும் என்பது கல்வி ஆய்வுகளில் நன்றாகக் காணப்பட்ட விஷயம். உங்கள் வகுப்பில் அரியர் வைத்திருக்கும் தோழிக்கு காஸ்ட் அக்கவுண்டிங் சொல்லிக் கொடுத்தாலும் இதே பலன்தான்.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வாரம் ஊரே பிள்ளைகளை அனுப்பும். ஆறு என்றால் ஆறுதான், இருபது பேர் வந்தால் அது ஹோம்வொர்க் எழுதும் கூடமாகிவிடும். சாக்லேட் கொடுத்துக் கூட்டம் சேர்க்காதீர்கள், நிறுத்துகிற அன்று பிள்ளைகளும் நின்றுவிடுவார்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். யாரிடமும் பணம் வசூலிக்காதீர்கள், நோட்டு வாங்கித் தருகிறோம் என்றால் நோட்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள். செமஸ்டர் தேர்வுக்காக மூன்று வாரம் வர முடியாது என்றால் இரண்டு வாரம் முன்பே பிள்ளைகளிடம் தேதியோடு சொல்லுங்கள். சொல்லாமல் நின்றுபோன அக்காக்களை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். ஏதாவது ஒரு பிள்ளை அடி, தொல்லை என்று சொல்லி அழுதால், “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்டதை அப்படியே உங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். திட்ட அலுவலரிடம் சொல்லுங்கள், அவசரமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். தனியாகத் துப்பறியக் கிளம்ப வேண்டாம்.

இரண்டாவது வேலை, பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தருவது. சொல்வதை எழுதுபவர் என்பார்கள், ஸ்கிரைப் என்றாலும் எல்லோருக்கும் தெரியும். மதுரைக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள். சுந்தரராஜன்பட்டியில் அவர்களுக்கான பெரிய நிறுவனமே இருக்கிறது. செமஸ்டர் சமயத்தில் எழுத ஆள் தேடி அலைவது அவர்களுக்குப் படிப்பை விடப் பெரிய கவலை. யார் யாருக்கு எழுதலாம் என்பதற்கு விதி உண்டு. தேர்வரே ஆளை அழைத்து வந்தால், அந்த ஆளின் படிப்பு தேர்வரின் படிப்புக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். பிறகு விதி திருத்தப்பட்டிருக்கிறது. தேர்வுக்குத் தேர்வு நடைமுறையும் மாறும் என்பதால், சம்பந்தப்பட்ட தேர்வு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நாலு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

உட்கார்ந்ததும் கேள்வித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, மதிப்பெண்ணோடு சேர்த்து, ஒரே வேகத்தில் வாசியுங்கள். எந்தக் கேள்வியை முதலில் எழுதுவது என்று அவர் முடிவு செய்யட்டும். அட்டவணை வந்தால் முதலில் எத்தனை நெடுவரிசை, ஒவ்வொன்றின் தலைப்பு என்ன என்று சொல்லிவிட்டு வரிசை வரிசையாக வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் காதில் குவியும், தலையில் நிற்காது. ஆங்கிலப் பெயர் வந்தால் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு விடை முடிந்ததும் கடைசி வரியை வாசித்துக் காட்டுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் மீதி நேரம் சொல்லுங்கள். சுவர்க் கடிகாரம் உங்களுக்குத்தான் தெரியும், அவருக்கு இல்லை.

அவர் தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுத வேண்டும். சரியான விடை உங்களுக்குத் தெரிந்திருக்கும், பேனா தயங்கும், ஆனாலும் எழுத வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் சரியான விடை வரும்போது குரல் தன்னையறியாமல் ஏறும். அது முறைகேடு, கூடவே அவருக்கு அவமானமும்கூட. “பாவம், நானே ரெண்டு வரி சேர்த்து எழுதிடுறேன்” என்ற எண்ணம் வந்தால் அந்தப் பாவத்தை வெளியே செருப்போடு விட்டுவிட்டு வாருங்கள். அவர் கேட்டது உங்கள் கையை மட்டும்தான்.

இதில் விழும் பெரிய இடி, முந்தின நாள் ராத்திரி “நாளைக்கு வர முடியலை” என்று அனுப்பும் மெசேஜ். ஒரு மனிதரின் ஆறு மாதப் படிப்பு அதில் போகும். வருகிறேன் என்று சொல்லும்போதே பதிலுக்குப் போகக்கூடிய ஒரு தோழியின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் செமஸ்டர் தேதிகளை முதலில் பார்த்துவிட்டு நாள் கொடுங்கள்.

கிடைப்பது என்ன? நாலு மணி நேரம் சத்தமாக, தெளிவாக, உணர்ச்சி கலக்காமல் வாசிக்கிற பயிற்சிக்கு வெளியே காசு கட்டிப் படிக்கிறார்கள். விடையை முழுசாக மனசில் கட்டி முடித்த பிறகு வாய் திறக்கும் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால், உங்கள் சொந்தத் தேர்வில் எழுதுகிற முறையும் மாறும். எழுதி அடித்து, அம்புக்குறி போட்டு நடுவில் செருகுகிற பழக்கம் தானாகக் குறையும்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கியது. வருஷம் 120 மணி நேரம் வீதம் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. இவை முடிந்தால் சான்றிதழ். 120 என்றதும் மலைக்க வேண்டாம். வாரம் மூன்று மணி வீதம் 40 வாரம், அவ்வளவுதான். மாலை வகுப்பு நேரத்தை இதில் கணக்கு வைக்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் தொடங்கும் முன்பே கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் தர்மசங்கடம். ஏழு நாள் முகாமைத் தவறவிடாதீர்கள். அந்நிய ஊரில் ஐம்பது பேருக்கு உப்புமா கிளறி, தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டு, “கொழாய் அந்தப் பக்கம், நீ தப்பாப் போட்டுருக்க” என்று பாட்டிமார் திருத்தக் கேட்டால், சனிக்கிழமைகளில் கிடைக்காத பழக்கம் ஒரே வாரத்தில் வரும்.

தனியார் கம்பெனி இன்டர்வியூவில் அந்தத் தாளுக்குத் தனி மதிப்பென்று பெரிதாக எதுவும் இல்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். மதிப்பு, தாளை நீட்டிய பிறகு வரும் “என்ன செஞ்சீங்க?” என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலில் இருக்கிறது. “சமூக சேவையில் ஆர்வம் உண்டு” என்பதை அன்றைக்கு வந்த அத்தனை பேரும் சொல்லியிருப்பார்கள். “ஆறு பிள்ளைகள், பத்து வாரம். தொடங்கும்போது மூன்று பேர் சொல்லோடு நின்றார்கள், முடியும்போது இரண்டு பேர் பத்தி வாசித்தார்கள், ஒருத்தி மட்டும் முன்னேறவில்லை, அவளுக்குக் கண் பரிசோதனை தேவை என்று பிறகுதான் தெரிந்தது” என்கிற மாதிரி எண்ணோடும் குறையோடும் சொல்கிறவரை நிமிர்ந்து பார்ப்பார்கள். குறையை மறைக்காமல் சொல்வதில்தான் ஆள் தெரியும்.

அப்படிச் சொல்ல வேண்டுமானால் எழுதி வைத்திருக்க வேண்டும். என்.எஸ்.எஸ். டைரியில் “கலந்துகொண்டேன், பயனுள்ளதாக இருந்தது” என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதை விட்டுவிடுங்கள். போன நேரம், வந்த நேரம், செய்தது, சொதப்பியது, அடுத்த தடவை மாற்றப்போவது. இவ்வளவுக்கு ஐந்து நிமிடம் ஆகும், அன்றைக்கே எழுத வேண்டும். “வெள்ளி, 6.05 முதல் 7.10. ஐந்து பேர் வந்தார்கள். குச்சிக்கட்டு ஒரே செட் இருந்ததால் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அடுத்த வாரம் மூன்று செட்.” இப்படி இருந்தால் போதும். வெறுமனே செய்துவிட்டு வருவதை விட, செய்ததைத் திரும்ப யோசித்து எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தப் பணியில் கற்றல் நடக்கிறது. இத்தனை நாள் உழைப்பில் உங்களுக்கு எதுவும் தங்கவில்லை என்று தோன்றுவதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

உடம்புக்கும் மனசுக்கும் நல்லதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு தகவல். 2013-ல் வெளியான ஒரு ஆய்வில், கனடாவில் 106 பத்தாம் வகுப்பு மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் ஒரு முறை சின்னப் பிள்ளைகளோடு பணிபுரிய அனுப்பினார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், போனவர்களுக்குக் கொலஸ்டிரால், உடல் பருமன் குறியீடு, உடம்பின் அழற்சி அளவு மூன்றும் மற்றவர்களை விடக் குறைவாக இருந்தன. பிறர்மேல் பரிவு அதிகம் கூடியவர்களுக்குப் பலனும் அதிகம். அங்கே சித்திரை வெயில் கிடையாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். காலை பத்து மணிக்கு மேல் வெட்டவெளியில் வேலை என்றால் தொப்பியும் ஒரு லிட்டர் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள். வருகைப் பதிவு குறையும் அளவுக்கோ தூக்கம் கெடும் அளவுக்கோ போனால், அதற்குப் பெயர் சேவை இல்லை.

கடைசியாக அம்மா. அவர் சொன்னதில் பாதி நியாயம். தண்ணீர் குடத்தைப் பற்றியது முழு நியாயம். வீட்டில் அண்ணனோ தம்பியோ இருந்து அவரிடம் அந்தக் குடத்தை யாரும் கேட்பதில்லை என்றால் அது வேறு பஞ்சாயத்து, அதையும் ஒரு நாள் பேசுங்கள். இப்போதைக்கு சனிக்கிழமை கிளம்பும் முன் உங்கள் பங்கு வேலை முடிந்திருக்கட்டும். அம்மாவுக்கு சேவையின் பெருமையை விளக்கப் போகாதீர்கள், அவருக்கு உங்களை விட நன்றாகவே தெரியும். அழகர் வருகிறபோது நீர்மோர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிறவர்களிடம் “ஒனக்கு என்ன கெடைக்குது?” என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. உங்களிடம் கேட்கிறார் என்றால் பெரும்பாலும் அதற்குள் வேறு கேள்விகள் இருக்கும்: யாரோடு போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள், படிப்பு என்னாவது. திட்ட அலுவலரின் நம்பரை அம்மா போனில் பதிந்து கொடுங்கள். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் செலவுப் பேச்சு பெரும்பாலும் எழாது. மாலை வகுப்பைச் சொந்த ஊரில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மா ஒரு வெள்ளிக்கிழமை வந்து மண்டபத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

தொடரவா, விடவா என்பதை இன்று முடிவு செய்ய வேண்டாம். பத்து வாரம் பாருங்கள். பத்தாவது வாரம் டைரியின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். “சொதப்பியது” என்ற இடத்தில் ஒரே தப்பு பத்து முறையும் வந்திருந்தாலோ, செவ்வாய்க்கிழமை என்றாலே வயிற்றைப் பிசைந்தாலோ, இரண்டு வாரம் முன்னறிவிப்புக் கொடுத்து, பிள்ளைகளின் வாசிப்புக் குறிப்பு உள்ள நோட்டை அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு வெளியே வாருங்கள். அப்படி நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் வாரத்துக்கு வேண்டியது: 40 பக்க நோட்டு ஒன்று, நாலு ரப்பர் பேண்டு, 42 ஈர்க்குச்சி. குச்சிக்குக் கடைக்குப் போக வேண்டாம், பழைய விளக்குமாற்றிலிருந்து உருவிக்கொள்ளலாம். அம்மாவிடம் கேட்டு எடுங்கள்.